பன்னிரண்டரை கிராம்

வெள்ளிக்கிழமை ட்ரெஸ்ஸா பென்ஹாலோ
கவுன்ட்டருக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தருவாள்.
ஐநூறு டாலர். ஆயிரம் அரை டாலர்கள்.
"இந்த வாரமாவது ஏதாவது மாட்டுதா பார், மிலேவா."
திங்கட்கிழமை அதே காசைக் கட்ட
வேறு வங்கிக்குப் போவேன்.
அவள் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு.

சமையல் மேசையில் துண்டை விரித்து
ஓரத்தில் தட்டிச் சுருளை உடைப்பேன்.
முகத்தைப் பார்ப்பதில்லை. தலைவர்
எல்லாக் காசிலும் ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
விளிம்பைப் பார்ப்பேன்.
இருபது காசை நெருக்கி நிறுத்தினால்
இருபது செம்புக் கோடு,
தையல் பிரிந்து எட்டிப்பார்க்கும் செந்நூல் மாதிரி.

பியூட் மலையில் வெள்ளிக்குத் தோண்டி
செம்பில் விழுந்தவர்கள் நாங்கள்.
பெரும்பள்ளத்தின் சிவந்த தண்ணீரில்
பறவைகள் இறங்கிவிடாமல் இன்னும் வேட்டுப் போடுகிறார்கள்.
இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு
செம்பு தெரியாத ஒரே ஒரு விளிம்புக்காக
கண் பூத்துக் கிடக்கிறேன்.

அறுபத்து நாலு என்றால் கேள்வியே இல்லை.
அடுத்த ஆறு வருஷம் இரண்டுங்கெட்டான்,
நூற்றுக்கு நாற்பதுதான் வெள்ளி.
அப்புறம் புழக்கத்துக்கு வந்ததெல்லாம் செம்பின் மேல் போர்த்திய பவிசு.
திணறடிப்பது புரூஃப் காசு.
கழுத்துக்குக் கீழே அதே எஸ்,
அதே கண்ணாடித் தரை, பனி படிந்த அதே கன்னம்.
ஒன்று வெள்ளி. ஒன்று வேஷம்.
வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்று தெரிந்தவளுக்கும்
பளபளப்பு ஒரு நொடி மயக்கும்.

முப்பத்தொன்றாவது சுருளில்
பத்தொன்பது கோடு.
ஒரு இடத்தில் கோடு இல்லை.

நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தேன்.
பதினொன்றேகாலும் சொச்சமும் என்றால் வேஷம்.
எண் தள்ளாடி நின்றது: பன்னிரண்டரை.
மூச்சை விட்டேன். அதுவரை பிடித்து வைத்திருந்தது
அப்போதுதான் தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
கல்லாப்பெட்டிகளில் உருண்டு கண்ணாடி கீறிப்போயிருந்தது.
தலைக்குப் பின்னால், வெற்றிடத்தில்,
ஒரு கட்டைவிரல் ரேகை
பழுப்பாக வெள்ளிக்குள் வேர்விட்டிருந்தது.
துடைத்தால் போகாது. துடைக்கவும் கூடாது.

அதே வருஷத்துக் காசுகள் எங்கள் கல்யாணத்துக்கு வந்தன.
லைலின் மாமா கொடுத்தார்,
பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஐந்து காசு.
லைல் போன பிறகு ஒரு பிப்ரவரி
பாலுக்குத் தொண்ணூறு சென்ட் குறைந்தது.
ஸ்க்ரூ டிரைவரால் சட்டத்தை நெம்பினேன்.
ஒன்று, ஐந்து, பத்து, கால், அரை.
தொண்ணூற்றொன்று.
கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது செல்லுமா?"
"அதிலேயே எழுதியிருக்கிறது பார்" என்றேன்.

அது வெள்ளியா வேஷமா?
காசுக்கு விளிம்பு என்று ஒன்று இருப்பதே
அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பூதக்கண்ணாடியை எடுத்துவந்து
வலது கட்டைவிரலைக் காசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
எனக்குச் சுழி. காசில் இருப்பது
வந்த வழியே திரும்பிப் போகும் வளையம்.
இடது கையையும் பார்த்தேன்.
விளக்கைக் கிட்டே இழுத்து
மறுபடி வலது.

இல்லை. வேறு யாரோ.
வேறு ஏதோ சமையலறை, வேறு ஒரு நெம்புகோல்.
அங்கே எத்தனை சென்ட் குறைந்ததோ.

அட்டை உறையில் போட்டுப் பென்சிலால் எழுதினேன்:
தொண்ணூற்றெட்டு எஸ், வெள்ளி, அடிபட்டது, ரேகை உண்டு.
விலை எழுத வேண்டிய இடத்தில்
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.

அன்றைக்கு மிஞ்சிய ஒரு சென்ட்
இன்னும் ஜன்னலோரத்தில் கிடக்கிறது.
அதுவும் மேலுக்குத்தான் செம்பு,
உள்ளே துத்தநாகம்.

முப்பத்திரண்டாவது சுருளைத் தட்டினேன்.
இருபது கோடு.